மதிலுக்குள் போன ஒழுங்கை

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வளவிலிருந்து கடற்கரை வரைக்கும் ரோட்டில் கால் வைக்காமலே போகலாம். ஒவ்வொரு வளவின் பின்வேலியிலும் ஒரு ஆள் சரிந்து நுழையக்கூடிய இடைவெளி ஒன்று இருக்கும். கடப்பு என்போம். அதற்குள்ளால் புகுந்தால் அடுத்த வீட்டுக் குசினி, அதற்கடுத்த வீட்டுக் கிணற்றடி, அங்காலே யாருடையவோ கோழிக்கூடு, பிறகு தென்னைகள், பிறகு மணல். ஆண்கள் முன்பக்கத்தால் போய்வந்தார்கள். அவர்களுக்குப் பெரிய ரோடு இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, கல்முனைச் சந்தை இருந்தது. பெண்களுக்குப் பின்பக்கம் இருந்தது.

இதைச் சொன்னால் கேட்பவர்களின் முகம் இளகிவிடுகிறது. அந்தக் காலம் எவ்வளவு நல்லது என்று நான் சொல்லப்போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கடப்பால் வந்தவர்கள் உப்பும் புளியும் கேட்டு மட்டும் வரவில்லை. எங்கள் சட்டியில் என்ன கொதிக்கிறது, யார் யாரோடு கதைக்கவில்லை, யாருடைய கண் அழுது வீங்கியிருக்கிறது என்று பார்த்துப் போகவும் வந்தார்கள். எனக்கு முதலில் பேசிய கல்யாணம், ஒரு வீட்டுக் குசினியில் சொன்ன சொல் மூன்று கடப்புகளைத் தாண்டிப் போனதால்தான் முறிந்தது. ஆகவே எனக்கு அந்த வேலிகளின் மேல் காதல் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரு வழி. நல்லது கெட்டது எல்லாம் அதால் வந்தன, போயின.

எங்கள் ஊர் நீளமானது, அகலமில்லாதது. மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் பெரிய ரோடு. ரோட்டிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் சீப்பின் பல்லைப்போல இறங்கும். அவற்றிலிருந்து வடக்கும் தெற்கும் பிரிகிற குறுக்கு ஒழுங்கைகளின் ஓரத்தில், கடற்பக்கமாக நீள நீளமான வளவுகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து ஏறுவார், பெண் பிறந்த இடத்திலேயே இருப்பாள். அதனால் ஒரு வளவில் ஒரு வீடு இருந்தால், பெண் பிள்ளைகள் வளர வளர அது இரண்டாகும், பிறகு நாலாகும். நிலம் மட்டும் அதே நிலம்.

என் வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அவருக்குச் சம்மாந்துறைப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. மூத்தவள் ராத்தாவுக்குக் கல்யாணம் பேசியதும் வளவைக் குறுக்கே இரண்டாகப் பிரித்தார். ஒழுங்கை முகப்பில் இருந்த பழைய வீடு ராத்தாவுக்கு. பின்னால் கடற்பக்கமாக இருந்த வெறும் நிலம் எனக்கு. அதில் எனக்கென்று ஒரு வீடு பிறகு எழும்பியது. நான் ஒழுங்கைக்குப் போய்வர வழி வேண்டும் அல்லவா? வடக்கு வேலியோரமாக, ராத்தாவின் பங்குக்குள்ளால், ஒரு பாதை விட்டார். மண்வெட்டியால் மணலில் கோடு கிழித்துக்கொண்டே முன்னிருந்து பின்வரை நடந்தார். நானும் ராத்தாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நெல்லு மூட்டையோட கரத்தை வந்து கிறுகோணும்" என்றார். கிறுகுவது என்றால் எங்கள் பேச்சில் திரும்புவது. மாட்டுவண்டி உள்ளே வந்து, திரும்பி, வெளியே போகும் அளவுக்கு அகலம். "இத ஆரும் நெருக்கக் கூடா. வெளங்குதா?"

"ஓம் வாப்பா" என்றோம், இரண்டு பேரும்.

அவ்வளவுதான். இரண்டு மகள்களுக்கு நடுவில் ஒரு தகப்பன் சொன்ன சொல்லை யார் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதுவார்கள்? வாப்பா மௌத்தாகி, உம்மாவும் போய், பல வருஷங்கள் அந்தப் பாதை அப்படியேதான் இருந்தது. நான் நிந்தவூரிலிருந்து வந்த மனிதரைக் கட்டினேன். கல்முனைச் சந்தையில் ஒரு புடவைக் கடையில் துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கதைப்பார். அடுத்த வீட்டில் யாராவது சத்தம் போட்டால் இவர் எழும்பி எங்கள் ஜன்னலைச் சாத்துவார். எங்களுக்கு ஒரே ஒரு மகள்.

பிறகு சுனாமி வந்தது. என் வாசலில் தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த வளவுகள் எதுவும் நிற்கவில்லை. நான் சிறுமியாக நுழைந்து நுழைந்து போன குசினிகள் எல்லாம் ஒரு காலை நேரத்துக்குள் போய்விட்டன, அவற்றில் இருந்த பெண்கள் பலரோடு. மறுநாள் என் குசினி வாசலில் நின்று பார்த்தால் நேரே கடல் தெரிந்தது. அதற்கு முன் ஒரு நாளும் அங்கிருந்து கடல் தெரிந்ததில்லை. இவ்வளவு கிட்டவா இருந்தோம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஊர் இறுகத் தொடங்கியது. கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்றார்கள். அங்கிருந்தவர்களில் சிலரை மேற்கே, வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டங்களில் இருத்தினார்கள். போக விரும்பாதவர்கள் ஊருக்குள்ளேயே கிடைத்த துண்டு துண்டு நிலத்துக்குள் நெருங்கினார்கள். கிடுகு வேலி, தகர வேலி எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டதால் எல்லோரும் ஒரேயடியாகக் கல் மதில் கட்டினார்கள். வேலியில் ஒரு ஓலையை விலக்கினால் வழி வரும். மதிலில் வழி விட வேண்டுமென்றால் கட்டும்போதே நினைக்க வேண்டும். யாரும் நினைக்கவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த வளவில் ஒரு மனிதர் வந்து குடியேறினார். கடலோரத்தில் வீட்டையும் மனைவியையும் பறிகொடுத்தவர். மூன்று பெண் பிள்ளைகள். வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு மூடிக்கொண்டு, பழக்கத்தில் பின்பக்கத்தால் போனேன். கடப்பு இருந்த இடத்தில் ஈரம் காயாத சீமெந்து. அந்த மனிதர் அந்தப் பக்கம் நின்று பூசிக்கொண்டிருந்தார். தலை மட்டும் தெரிந்தது.

"பொம்புளப் புள்ளயள் மூணு இரிக்கி ராத்தா" என்றார், என் கையிலிருந்த தட்டைப் பார்த்ததும். "நான் கடைக்குப் போனா ஊட்டுல ஆம்புள இல்ல. குறை நெனக்காதீங்க."

தட்டை மதிலுக்கு மேலால் கொடுத்துவிட்டு வந்தேன். குறை நினைத்தேன். வருஷக்கணக்காக நினைத்தேன். அந்த மனிதரைப் பற்றிப் பேச்சு வந்தாலே "கடப்ப அடச்ச ஆள்" என்றுதான் சொல்வேன். கிழக்கு அப்படி அடைபட்டது. இனி எனக்கு வெளியே போக இருந்தது வாப்பா விட்ட பாதை ஒன்றுதான்.

ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கட்டாரில் இருந்து வந்தவர். வழக்கப்படி வீடு மகள் பேருக்குப் போனது. ராத்தாவின் புருஷன் அதற்கு முன்பே மௌத்து. ராத்தா முன்னறையிலிருந்து நடுவறைக்கும், நடுவறையிலிருந்து குசினிக்குப் பக்கத்து அறைக்கும் நகர்ந்தாள். எங்கள் ஊரில் தாய்மார் எல்லோரும் அப்படித்தான் நகர்கிறார்கள். வீடு ஒன்றுதான், அதற்குள்ளேயே அவர்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருப்பார்கள்.

மருமகன் பழைய வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டத் தொடங்கினார். ஒரு நாள் பின்னேரம் என் புருஷனைத் தேடி வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

"சாச்சா, மாடிக்குத் தூண் போடுற. ஒரு சாண் பாதைப் பக்கம் வருமாம், மேசன் சொல்றான். தூண் மட்டும்தான்."

நான் வாயைத் திறக்க முன்னம் என் புருஷன் சொல்லிவிட்டார். "அதுக்கென்ன மகன். நம்மட ஊடுதானே."

தூண்கள் ஒரு சாண் வந்தன. பிறகு தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுவர் வைத்தார்கள். சுவரை உள்பக்கமாக வைத்தால் அறை சின்னதாகிவிடுமாம், ஆகவே வெளிப்பக்கத்தோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு மாடிக்குப் படி வேண்டியிருந்தது. வீட்டுக்குள் படி வைத்தால் நடுக்கூடமான ஹோல் கெட்டுவிடும் என்று வெளியே வைத்தார்கள், பாதை என் பக்கமாக வளைகிற மூலையில். பிறகு மலக்குழி. அதுவும் அந்த மூலையில்தான், படிக்குக் கீழே, மூடி ஒரு முழம் உயரமாக. ஒவ்வொரு தடவையும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் என் புருஷன் "அதுக்கென்ன மகன்" என்றார். கடைசித் தடவைகளில் கேட்கக்கூட வரவில்லை.

நான் ராத்தாவிடம் போனேன். அவள் மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, வாப்பா வெட்டின கோடு எங்க?"

அவள் நிமிரவில்லை. "மண்ணுல வெட்டின கோடு மழைக்கு நிக்குமா கா?"

என் ராத்தா அப்படிச் சொன்னாள். அவள் மீனின் செட்டையை வெட்டி வெட்டி ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். பாதையை ஒரு தடவை பார்த்தார்கள். மாடிக்கு ஏறி ஒரு தடவை பார்த்தார்கள். மேலே தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்திருக்க வேண்டும், இறங்கி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "ஒரு வயித்துப் பொறந்த நீங்க. உங்களுக்குள்ள பேசித் தீருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பேசித்தான் பார்த்தேன் என்று நான் சொன்னது அவர்களின் முதுகுக்குத்தான் கேட்டது.

அந்த வருஷம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்த வான் வண்டியைப் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பெருத்த உடம்பு. படி மூலையில் அவர் பக்கவாட்டாகத் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்து, வெள்ளைச் சட்டையைச் சுவரில் உரசிக்கொண்டு வந்ததை நான் ஜன்னலால் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு மகளைப் பிடித்துவிட்டது. போன பிறகு தரகர் வந்தார்.

"புள்ள நல்லம் எண்டு சொல்றாங்க. ஊடுதான் சிக்கல். வாகனம் போகாத ஊட்ட வெச்சி என்ன செய்யிற எண்டு கேக்காங்க."

அப்படியாக, என் மகள் பிறந்த வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க உதவாத வீடானது. வாப்பா எனக்குத் தந்த வயல் துண்டு ஒன்று இருந்தது. அதை விற்று, பெரிய ரோட்டுக்கு மேற்கே, வயலை நிரப்பி விற்ற காணியில் ஒரு துண்டு வாங்கினோம். நெல் விளைகிற வயலைக் கொடுத்து நெல் விளைந்த வயலை வாங்கினோம். என் புருஷன் காணி பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடவில்லை. "ரோடு அகலமா இரிக்கி" என்று மட்டும் சொன்னார். அங்கே ஒரு வீடு கட்டி, மகளின் கல்யாணத்தை முடித்தோம். நாங்கள் இரண்டு பேரும் பழைய வீட்டில், மாடிக்குப் பின்னால், தனியாக.

மாடி எழும்பியதோடு எங்களுக்கு மேற்கு வெயில் போய்விட்டது. பின்மதிலால் கடற்காற்றும் குறைந்துவிட்டது. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். போட்டபோது பழையதைத் தோண்டாமல் அதற்கு மேலேயே போட்டதால் ஒழுங்கை உயர்ந்து, என் வீடு தாழ்ந்தது. மாரி மழை ஒழுங்கையில் விழுந்து, என் பாதையால் இறங்கி, என் வாசலுக்கு வந்து நின்றது. மண் மூட்டை அடுக்கி அடுக்கி என் இடுப்புப் போனது.

என் புருஷனுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. காலையில் பல் துலக்கப் போனவர் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டோ ஒழுங்கையில் நின்றது, உள்ளே வர முடியவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி இரண்டு பேர் தூக்கினார்கள். படி மூலையில் கதிரையைச் சரிக்க வேண்டியிருந்தது. மருமகன் அப்போதுதான் மாடிக்குப் புதிதாக நிறம் அடித்திருந்தார். வாய் கோணிப்போய், எச்சில் வழிய, என் புருஷன் தூக்கியவர்களிடம் ஏதோ சொல்ல முயன்றார். நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"பாத்து… செவுத்துல உரசிரும்."

அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் அவர்மேல்தான் முதலில் கோபம் வருகிறது. பிறகுதான் மற்றவர்கள்மேல்.

அதற்குப் பிறகு நெடுநாள் அவர் அந்த இருட்டறையில் கிடந்தார். ஒரு நாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் மௌத்தானார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்குவதாகப் பேசிக்கொண்டார்கள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கைக் கொண்டுவந்தார்கள். மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, கிடத்திச் சுமந்துபோகும் பெட்டி அது. நீளமானது, மடங்காதது. நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். வெளியே திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. பிறகு ஒரு குரல்:

"கிறுகாது."

"கொஞ்சம் சரிச்சிப் பாருங்க."

"படி மறிக்கிது. ஏலா. எப்பிடியும் கிறுகாது."

வெறும் பெட்டியே வரவில்லை. உயர்த்தினால் படியில் முட்டியது, தாழ்த்தினால் மலக்குழியின் மூடியில் முட்டியது. மையத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் நடக்கவும் அங்கே இடமில்லை. யாரோ சொன்னார்கள், முன் வீட்டுக்குள்ளால் எடுப்போம் என்று. அது நேர்வழி. என் வாசல், ராத்தாவின் குசினிக் கதவு, ஹோல், முன்கதவு, ஒழுங்கை. சந்தூக்கை ஹோலில் வைத்துவிட்டு, மையத்தைக் கையில் ஏந்திக் கொண்டுபோய் அங்கே கிடத்தலாம். ஒரு நிமிஷ வேலை.

என் பக்கத்தில் இருந்தவள் ராத்தாவின் மகள். காலையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அழுதும் இருந்தாள். அவள் என் காதுக்குள் சொன்னாள்:

"சாச்சி, சின்னவன் காய்ச்சல்ல ஹோல்லதான் படுத்திரிக்கான். மையத்தக் கண்டா பயந்துருவான். வேற ஏதும் ஏலுமா எண்டு பாருங்களன்."

நான் அவள் கையைப் பார்த்தேன். அது என் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கி மாடியில் கிடத்த எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. எதிரே ராத்தா இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் பின்பக்கம் தும்தும்மென்று இடிக்கிற சத்தம். சுவர் அதிர்ந்தது. பெண்கள் பயந்து எழும்பினார்கள். பின்வளவு மனிதர் அலவாங்கால் தன் மதிலை உடைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மாடிப் படியடியில் ஆண்கள் கதைத்துக்கொண்டு நின்றதை மதிலுக்கு மேலால் கேட்டிருக்கிறார். உடைத்த இடம் அந்தப் பழைய கடப்பு இருந்த இடம்தான், கடைசியாக அடைத்த துண்டு என்பதால் அங்கேதான் சுலபமாக விட்டது. கல்லை ஒதுக்கி, தூசியடங்கத் தண்ணீர் தெளித்து, அவருடைய மகள்மார் முற்றத்துப் பூச்சாடிகளை இழுத்து ஓரமாக்கி வழி செய்தார்கள். சந்தூக்கு அந்த வளவால் உள்ளே வந்தது. அந்த வளவாலேயே வெளியே போனது. வாழ்நாளெல்லாம் முன்பக்கத்தால் போய்வந்த என் புருஷன் கடைசியில் பெண்களின் வழியால் போனார். நான் ஏசித் திரிந்த மனிதர் சந்தூக்கின் முன்காலைப் பிடித்துக்கொண்டு போனார் என்று பிறகு சொன்னார்கள்.

ராத்தாவின் மருமகன் படியடியில் நின்றாராம். மையவாடிக்கும் போனாராம். எல்லோருக்கும் முன்னால் மண் போட்டாராம்.

நான் இத்தா இருந்தேன். வெளி ஆண்கள் யாரையும் பார்க்காமல், வீட்டை விட்டு வெளிக்கிடாமல், நாலு மாதமும் பத்து நாளும். உடைத்த இடத்தில் ஒரு தகரத்தை மட்டும் சாத்திவைத்திருந்தார் அந்த மனிதர். அவருடைய மகள்மார் அதை விலக்கிக்கொண்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் என் சட்டியையும் திறந்து பார்த்தார்கள், என் மகள் ஏன் தினமும் வருவதில்லை என்றும் கேட்டார்கள். எல்லாம் பழையபடிதான். எனக்கு அது பிடிக்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் மனம் வரவில்லை.

ராத்தாவின் அறை என் சுவருக்கு மறுபக்கம். மேலே காற்றுக்கு வைத்த துளைக்கல்லால் அவள் இருமுவது கேட்கும். அவள் என்னைப் பார்க்க வந்த நாட்களில் நான் முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், வீட்டில் மற்றவர்கள் தூங்குகிற நேரம், அந்தத் துளைக்கல்லால் கூப்பிட்டாள்.

"கேக்குதா கா?"

நான் பாயில் மறுபக்கம் புரண்டு படுத்தேன்.

"எனக்குத் தெரியும் நீ முழிச்சித்தான் இரிக்காய். எண்ட நெலமையக் கேளு. கதவத் தொறங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. ஊடு அவட பேருல. நான் அங்க இரிக்கிறவ, அவ்வளவுதான். ஏதும் சொன்னா மறுகா இந்த அறையும் இல்ல."

"மண்ணுல வெட்டின கோடு எண்டு சொன்னது ஆரு?" என்று கேட்டேன். "அதையும் அவதான் சொல்லித் தந்தாளா?"

"இல்ல கா, அது நான்தான்" என்றாள். அழுகிறாளா என்று கேட்டுப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. அவளுக்கும் அந்த வீட்டில் ஒரு வழியும் இல்லை என்பது விளங்கியது. விளங்கியதால் எனக்குள் ஒன்றும் குறையவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் "ஓம்" என்றேன், சோறு தின்றாயா என்று கேட்டால் தின்றேன் என்றேன். அவ்வளவோடு நின்றுகொண்டேன்.

இத்தா முடிந்த வாரம் பின்வளவு மனிதர் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று செருமினார்.

"ராத்தா, இனி இத அடைக்கப் போறன். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசியிரிக்கி. மாப்புள ஊட்டார் வந்தா மதில் ஒடஞ்சி கெடக்கக் கூடா. குறை நெனக்காதீங்க."

"அடைங்க தம்பி" என்றேன். இந்தத் தடவை குறை நினைக்கவில்லை. சீமெந்து குழைக்க என் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அடுத்த கிழமை வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போனேன். பூட்டின் திறப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. கேட்கவும் யாரும் வரவில்லை.

மகள் இருக்கிற இடம் வேறு மாதிரியான ஊர். ரோடுகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக ஓடுகின்றன. லொறி வந்தாலும் கிறுகும். அங்கே வீடு கட்ட முன்னமே மதில் கட்டுகிறார்கள். சுற்றிவர மதிலும் இரும்புக் கேற்றும் போட்டு, உள்ளே வெறும் புல் முளைத்த காணிகள் நிறைய உண்டு. முன்பு வயலுக்குத் தண்ணீர் போன வாய்க்கால் எதற்குள் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழைக்குத்தான் அது தெரியும். போன மாரியில் மகளின் வாசலுக்குத் தண்ணீர் வந்ததும், மழை விட்ட பிறகு அவளுடைய புருஷன் டிப்பர் டிப்பராகச் செம்மண் கிறவல் கொண்டுவந்து கொட்டிக் காணியை உயர்த்தினார். நல்ல பிள்ளைதான் அவரும். எனக்கு மருந்து வாங்கி வர மறந்ததே இல்லை.

இந்த மாரியில் எங்கள் வாசல் காய்ந்து கிடந்தது. மழை பெய்த இரண்டாம் நாள், மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"தங்கச்சி, தண்ணி எங்கட குசினிக்குள்ள ஏறுது. உங்கட பக்கத்தால வருது."

என் மகள் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். எழும்பாமலே சத்தமாகச் சொன்னாள்: "நாங்க எங்கட காணியத்தானே உசத்தின ராத்தா. நீங்களும் உசத்துங்களன்."

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கரண்டியால் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அந்தப் பெண்ணின் குரல் மதிலுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில்தான் கேட்டது. அங்கே போக நான் ரோட்டால் போய், மூலையால் திரும்பி, மறு ரோட்டால் வர வேண்டியிருந்தது. வந்தால் எல்லாக் கேற்றும் ஒரே மாதிரி. எது எங்களுக்கு நேர் பின்னால் என்று பிடிபடவில்லை. இரண்டு கேற்றைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவதில் அந்தக் குரல். கேற்றைப் பாதி திறந்து நின்றாள், முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சீலையோடு.

"பின்னூட்டுல இருந்து வாறன்" என்றேன்.

"உங்கட மருமகன் அனுப்பினாரா?"

"இல்ல. நானாத்தான் வந்தன்."

"வந்து?"

உள்ளே, வாசல் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பேசின் மிதந்தது. குடையைக் கேற்றில் கொழுவிவிட்டு அதை எடுத்தேன். அவள் தடுக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. குசினிக்குள் போய் இரண்டு பேரும் அள்ளி அள்ளி முன்பக்கமாக ஊற்றினோம். மதிலின் அடியால் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கிறவல் நிறத்தில், சிவப்பாக. அள்ள அள்ள வந்தது. பொழுதுபட்டு மஹ்ரிப் பாங்கு சொன்னதும் அவள் நிமிர்ந்து, "போங்க, மகள் தேடுவா" என்றாள்.

சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். மகள் கேற்றடியில் நின்றாள்.

"எங்க உம்மா போன நீங்க, இந்த மழைக்குள்ள? காலெல்லாம் சேறு."

குழாயடியில் நின்று காலைக் கழுவினேன். கழுவிய தண்ணீர் மதிலோரமாக ஓடி, அடியிலிருந்த ஓட்டையால் அந்தப் பக்கம் போனது.